தலைகீழ் ஸ்டிக்கர்

அத்தியாயம் 9

காயல்பட்டினத்துத் தெருவுக்குள் அந்தப் பழைய ஃபியட் கார் நுழைந்தபோது ஞாயிற்றுக்கிழமை மதியம் மணி ஒன்று ஐம்பது. அன்று நான்கு மணிக்குப் பேட்டையில் ஒருவனைக் கொல்ல ஏற்பாடு ஆகியிருக்கிறது என்பது காருக்குள் இருந்த இரண்டு பேருக்கும் தெரியாது.

"அண்ணாச்சி, ஆழ்வார்திருநகரியில பிடிச்சு வண்டி இருமிக்கிட்டே வருது. நல்ல டாக்டரா பாத்துக் காட்டுவமா?" என்றான் சங்கிலிபூதத்தான், ஸ்டியரிங்கைத் தட்டியபடி.

"ரோட்டைப் பாத்து ஓட்டுலே, பூதம்."

எட்டு வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் சங்கிலிபூதத்தான். வேலையை விட்ட பிறகும் வாய் மட்டும் டிக்கெட் கிழித்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்பலவாணன் திருநெல்வேலி ஜங்ஷனில் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தார். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு வேறு காதல் உண்டா என்று விசாரித்தே அவருக்குத் தலை நரைத்திருந்தது. இந்த வழக்கு மட்டும் வேறு ரகம்.

"பேண்ட்டு என்னலே இப்படி மின்னுது?"

"வெள்ளிக்கிழமை இந்த பாய் விலாசம் வாங்க பெருமாள்ராஜ் வீட்டுக்குப் போனேம்லா? அவன் கட்டில்ல உக்காந்த புண்ணியம். கட்டில் பூரா வெள்ளிப் பொடி. துவைச்சும் போகல. நகைக்கடையில வேலை கெடச்சிட்டாலேன்னு எங்க அம்மை கேக்கா."

அம்பலவாணன் சிரித்தார். சிரித்துவிட்டு மறந்தும்போனார். மறந்திருக்கக் கூடாது.

பெருமாள்ராஜ். பேட்டையில் சைக்கிள் மெக்கானிக். வயது இருபத்து நான்கு. வற்றிய குளத்துக்குள் மண்ணைக் குவித்து, சரிவில் பாய்ந்து வந்து ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்குச் சைக்கிளோடு பறப்பதில் ஜில்லாவிலேயே அவனை மிஞ்ச ஆள் கிடையாது. இரண்டு மாதத்துக்கு முன்னால், பங்குனியில் நடந்த போட்டியில், முதல் தாண்டலிலேயே அவன் சைக்கிளின் முன் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் ஃபோர்க்கு இரண்டாக முறிந்தது. முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. எல்லோரும் விபத்து என்றார்கள்.

பத்து நாளைக்கு முன் அம்பலவாணனை வரவழைத்து, கட்டிலில் படுத்தபடியே முறிந்த ஃபோர்க்கை எடுத்து நீட்டினான்.

"இது என் ஃபோர்க்கு இல்ல அண்ணாச்சி. என்னது துபாய் சரக்கு. மூணு அங்குலம் அமுங்கி எந்திரிக்கும். போட்டி அன்னைக்குக் காலையில அழுத்திப் பாத்தேன், கெட்டியா இருந்துச்சு. ராத்திரி மழை பெஞ்சுதே, உள்ள இருக்க ரப்பர் இறுகியிருக்கும்னு நெனச்சுட்டேன். யாரோ மாத்திட்டானுவ. யாருன்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்."

எழுந்து நிற்க முடியாதவன் பேச்சுதானே என்று அம்பலவாணன் அப்போது நினைத்தார்.

ஃபோர்க்கை அறுத்துப் பார்த்தபோது அவன் சொன்னது உண்மை என்று தெரிந்தது. வெளியே சிவப்புப் பெயின்ட், ஸ்டிக்கர், ரப்பர் உறை. உள்ளே சாதாரணத் தண்ணீர்க் குழாய். போன வியாழக்கிழமை ஒரு துப்பும் கிடைத்தது. பெருமாள்ராஜின் நெடுநாள் போட்டியாளன் சிவகணேஷ், பாளையங்கோட்டை வாத்தியார் மகன், சைக்கிளில் புதிதாக ஒரு சிவப்புத் துபாய் ஃபோர்க்கை மாட்டியிருந்தான். சங்கிலிபூதத்தான் மறைந்து நின்று படம் எடுத்தான். அன்று சாயங்காலமே அம்பலவாணன் அதைப் பெருமாள்ராஜிடம் சொன்னார். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இனி கோர்ட்டுக்கு ஒரு சாட்சி வேண்டும். துபாயிலிருந்து ஃபோர்க்கைக் கொண்டுவந்து கொடுத்த அசன் மைதீன் விடுமுறைக்கு ஊர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் புறப்பட்டுவிட்டார்கள்.

* * *

அசன் மைதீன் டீயும், கூடவே ஒரு தட்டு இறால் வாடாவும் கொண்டுவந்து வைத்தார். நாற்பது வயது. துபாயில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வேலை.

"பெருமாள் அடிபட்டுக் கெடக்கான்னு நான் வந்த பொறவுதான் தெரியும் அண்ணாச்சி. மனசே சரியில்ல. அந்தப் புள்ள எழுதுன காயிதம் இன்னும் எங்கிட்ட இருக்கு. எங்க கடை மேனேஜருக்கே வாசிச்சுக் காட்டுனேன். இவ்வளவு வெவரமா எவனும் சாமான் கேட்டதில்லன்னு அவரு சொன்னாரு."

பெட்டியைத் திறந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அம்பலவாணன் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து புகைப்படத்தை எடுத்தார். முந்தின நாள்தான் ஸ்டூடியோவில் கழுவி வந்திருந்தது.

"பாருங்க பாய். இது நீங்க பெருமாளுக்குக் கொண்டாந்த ஃபோர்க்குதானா?"

அசன் மைதீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பார்த்த உடனே தலையை ஆட்டினார்.

"இல்ல."

வாடாவைக் கடித்துக்கொண்டிருந்த சங்கிலிபூதத்தானின் வாய் அப்படியே நின்றது.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க பாய்" என்றார் அம்பலவாணன். "அதே சிவப்பு. அதே கம்பெனி."

"சிவப்பு சரிதான். இதையும் நான்தான் கொண்டாந்தேன். பன்னெண்டு நாளைக்கு முன்ன, இந்தத் தடவை வரும்போது. சிவகணேஷ் தம்பி போன தை மாசமே காயிதம் போட்டிருந்துச்சு. பெருமாள் என்ன ஃபோர்க்கு வாங்குதானோ அதே எனக்கும் வேணும், அவனுக்குத் தெரியவேண்டாம், தெரிஞ்சா காப்பியடிக்கான்னு சிரிப்பான்னு எழுதியிருந்துச்சு. ரிம்மு மட்டும் மெட்ராஸ்ல வாங்கிக்கிட்டதாம்."

"ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா, இது பெருமாளோடது இல்லன்னு எப்படி அடிச்சுச் சொல்லுதீங்க?"

"பெருமாளோட ஃபோர்க்குல இடது பக்கக் கால்ல ஸ்டிக்கர் தலைகீழா ஒட்டியிருக்கும். ஃபேக்டரியில எவனோ தூங்கிக்கிட்டே ஒட்டியிருக்கான். அதனால கடையில யாரும் எடுக்கல. நான் எடுத்தேன். எழுத்து தலைகீழா இருந்தா ஸ்பிரிங்கு தலைகீழாவா வேலை செய்யும்? படத்தைப் பாருங்க, ரெண்டு காலுலயும் நேராத்தான இருக்கு."

அம்பலவாணன் புகைப்படத்தைப் பார்த்தார். நேராகத்தான் இருந்தது. மூன்று நாளாகத் தான் கட்டி வைத்திருந்த வழக்கு அந்த ஒரு ஸ்டிக்கரில் இடிந்து விழுந்தது.

"அப்ப அந்தத் தலைகீழ் ஸ்டிக்கர் எங்கன இருக்கு?" என்றான் சங்கிலிபூதத்தான்.

"எங்கனயா? இங்கனதான் இருக்கு" என்றார் அசன் மைதீன்.

எழுந்துபோய்க் கட்டிலுக்கடியில் குனிந்து ஒரு சாக்கை இழுத்தார். சாக்குக்குள் சிவப்பு ஃபோர்க்கு. இடது காலில் கம்பெனியின் பெயர் சிரசாசனம் செய்துகொண்டிருந்தது. அம்பலவாணன் இரண்டு கையாலும் பிடித்துத் தரையில் ஊன்றி அழுத்தினார். மூச்சு விடுவதுபோல அமுங்கி மேலே வந்தது.

"பாய், இது எப்படி இங்க?"

"போன வாரம் ஒருத்தர் கொண்டாந்து கொடுத்தாரு. பெருமாள் இனிமே தாண்ட முடியாதுல்லா, எங்கிட்ட வித்துட்டான், உங்க ஊர்ப் பையன் யாருக்காவது தள்ளிவிடுங்கன்னாரு. பாவம், மருந்துச் செலவுக்கு வித்திருப்பான்னு நெனச்சு வாங்கி வச்சேன்." அசன் மைதீனின் முகம் மாறியது. "ஏன் அண்ணாச்சி? தப்பா?"

"யாரு கொண்டாந்தது?"

"நம்ம சைக்கிள் கடை அப்பாத்துரை அண்ணாச்சி."

சங்கிலிபூதத்தான் கடித்த வாடாவைத் தட்டிலேயே திரும்ப வைத்தான்.

அப்பாத்துரை. டவுனில் பெரிய சைக்கிள் கடை. பெருமாள்ராஜ் ஆறு வருஷம் அவரிடம்தான் வேலை பார்த்தான். தாண்டும் போட்டியை நடத்துவதும் அவர்தான். போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லாச் சைக்கிளையும் அவருடைய சரக்குக் கிட்டங்கியில்தான் ஒப்படைத்துப் பூட்ட வேண்டும்.

"கிட்டங்கிச் சாவி அவருகிட்ட" என்றான் சங்கிலிபூதத்தான் மெதுவாக. "திருடனைத் தேடி ஊரெல்லாம் சுத்துனோம். அவரு வாசல்ல நின்னு, விசாரிக்கப் போன நமக்கே வழி சொல்லியிருக்காரு."

அம்பலவாணன் மேசையில் கிடந்த பெருமாள்ராஜின் கடிதத்தை எடுத்து இந்தத் தடவை முழுதாகப் படித்தார்.

'ஃபோர்க்கு மூன்று அங்குலம் அமுங்குவதாகப் பார்க்கவும். இரண்டு அங்குலம் ரோட்டுக்குத்தான் ஆகும். மேட்டில் இறங்கும்போது தட்டி நின்று மணிக்கட்டை வாங்கிவிடும். ரிம் எடை குறைவு என்று கடைக்காரன் ஆசை காட்டுவான், ஏமாற வேண்டாம். முப்பத்தாறு துளை, இரட்டைச் சுவர் ரிம்தான் வேண்டும். நம்மூர் ரிம் எல்லாம் ஒற்றைச் சுவர். மேட்டிலிருந்து இறங்குகிற இடத்தில் முன் சக்கரம் மடங்கி ஆளைத் தலைகுப்புறப் போடும். கழுத்து தப்பாது.'

கடைசி வரியை இரண்டாம் தடவை படித்தார். அவர் கண் கடிதத்தை விட்டு மெல்ல இறங்கி, எதிரே உட்கார்ந்திருந்த சங்கிலிபூதத்தானின் முழங்காலில் போய் நின்றது.

"ஏலே பூதம். வெள்ளிக்கிழமை பெருமாள் என்ன செஞ்சுக்கிட்டிருந்தான்?"

"சக்கரத்துல கோட்டம் எடுத்துக்கிட்டிருந்தான். அடிபட்ட பொறவு அதான அவன் பொழப்பு? கையி நல்லாத்தான இருக்கு."

"யாரு சக்கரம்?"

"சிவகணேஷ் முன் சக்கரம். புது ரிம்முல ஸ்போக்கு கோத்துக் கட்டித் தரச் சொல்லிக் கொடுத்துட்டுப் போனானாம். என்னதான் போட்டி போட்டாலும், அவனை மாதிரி சக்கரம் கட்ட ஆளு கெடையாதுன்னு அவனுக்கும் தெரியும்லா..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

"கோட்டம் எடுக்க என்னலே வேணும்?"

"ஸ்போக்குச் சாவி."

"சாவியால திருகுனா பொடி விழுமா?"

சங்கிலிபூதத்தான் தன் பேண்ட்டைக் குனிந்து பார்த்தான். மின்னுவது வெள்ளி இல்லை. அலுமினியம். அரத்தால் அறுத்த ரிம்.

"ஐயோ" என்றான்.

"நான்தாம்லே காரணம்" என்றார் அம்பலவாணன். "சந்தேகத்தைக் கொண்டுபோயி முடிவு மாதிரி சொல்லிட்டேன். சிவகணேஷ் இன்னைக்குத் தாண்டுத போட்டி எத்தனை மணிக்கு?"

"நாலு."

மணி இரண்டு இருபது.

* * *

தெருமுனைத் தொலைபேசிக் கடையிலிருந்து போலீஸுக்குச் சொன்னார்கள். ஆள் அனுப்புவதாக அங்கிருந்து பதில் வந்தது. குளத்துக்குள் ஃபோன் கிடையாது. பெருமாள்ராஜின் பக்கத்து வீட்டு நம்பரைச் சுற்றியபோது அவன் தாய் பேச்சித்தாய் வந்து எடுத்தாள்.

"அவனா? மூணு சக்கர வண்டியில ஏத்திவிடச் சொல்லிப் போட்டி பாக்கப் போயிட்டான் ஐயா. ரெண்டு மாசத்துல இன்னைக்குத்தான் சிரிச்ச முகமாப் புறப்பட்டான்."

அம்பலவாணன் ரிசீவரை வைத்தார்.

சாக்கில் சுற்றிய ஃபோர்க்கு பின் இருக்கையில் கிடந்து குலுங்க, ஃபியட் குரும்பூரைத் தாண்டியது. தென்திருப்பேரை. ஆழ்வார்திருநகரி. இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம் ஓடியது. சங்கிலிபூதத்தான் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினான். அவன் அப்படி வாயை மூடிக்கொண்டு ஓட்டியது அதுவே முதல் தடவை. ஸ்ரீவைகுண்டம் தாண்டி ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. திருச்செந்தூர் போகும் ரயில் ஆடி அசைந்து கடந்துபோக ஒன்பது நிமிடம் ஆனது. அந்த ஒன்பது நிமிடமும் அம்பலவாணன் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க வெளியே ஒரு ஆட்டையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாளையங்கோட்டை வந்தபோது மூன்று நாற்பது. ஆற்றுப் பாலத்தைக் கடந்து, டவுன் நெரிசலில் ஊர்ந்து, பேட்டைக் குளத்தங்கரையில் கார் நின்றபோது நான்கு அடித்து ஏழு நிமிடம்.

ஒலிபெருக்கியில் அப்பாத்துரையின் குரல் அதிர்ந்தது.

"அடுத்து வருவது, பாளையங்கோட்டைச் சிங்கம், தம்பி சிவகணேஷ்!"

* * *

குளம் முழுக்கத் தலைகள். உயரமான கரையிலிருந்து சரிவாக ஒரு பாதை இறங்கி, முதல் மண்மேட்டில் ஏறி முடிந்தது. அங்கிருந்து பதினைந்து அடி தள்ளி இறங்கும் மேடு. கரையின் உச்சியில் சைக்கிளோடு சிவகணேஷ் நின்றான். வெயிலில் சிவப்பு ஃபோர்க்கு பளபளத்தது.

"நீ மேல ஓடுலே! அவனைப் பிடி!"

சங்கிலிபூதத்தான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினான். அம்பலவாணன் சாக்கை அணைத்துக்கொண்டு கீழே இறங்கினார். பாதையோரம் கட்டியிருந்த கயிற்றுக்குப் பக்கத்தில், கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் பெருமாள்ராஜ் உட்கார்ந்திருந்தான். சலவைச் சட்டை. நெற்றியில் திருநீறு. கல்யாண வீட்டுக்கு வந்தவனைப்போல இருந்தான்.

"வாங்க அண்ணாச்சி. நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க."

"பெருமாள், அவன் இல்லடே! சிவகணேஷ் இல்ல!"

"நீங்கதான சொன்னீங்க?"

"நான் சொன்னது தப்பு. இதைப் பாரு."

சாக்கை உதறினார். ஃபோர்க்கு அவன் மடியில் விழுந்தது. உயிரில்லாத தன் தொடையில் அதன் கனத்தை அவனால் உணர முடியவில்லை. கையால் தொட்டான். இடது காலில் தலைகீழாக இருந்த ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்தான்.

"எங்கன கெடச்சுது?"

"அப்பாத்துரை வித்திருக்காரு. கிட்டங்கியில மாத்துனது அவருதான். சிவகணேஷ் போட்டிருக்கது வேற ஃபோர்க்கு. நீ வாங்குனதைப் பாத்து, உன்னை மாதிரி ஆகணும்னு ஆசைப்பட்டு வாங்குனது."

விசில் ஊதியது.

பெருமாள்ராஜ் கரையைப் பார்த்தான். சங்கிலிபூதத்தான் இன்னும் பாதி ஏறவில்லை. சிவகணேஷ் பெடலில் ஏறி நின்று சரிவில் இறங்கிவிட்டான்.

"நில்லுலே!" என்று பெருமாள்ராஜ் கத்தினான். அந்தச் சத்தம் விசிலடிப்பிலும் மேளத்திலும் பக்கத்தில் நின்றவனுக்கே கேட்கவில்லை.

அடுத்து அவன் செய்ததை அம்பலவாணன் தடுத்திருக்க முடியாது. மடியிலிருந்த ஃபோர்க்கைக் கீழே தள்ளினான். இரண்டு கையாலும் வண்டியின் பிடியைச் சுற்றினான். கயிற்றை அறுத்துக்கொண்டு வண்டி பாதையின் குறுக்கே பாய்ந்து, முதல் மேட்டுக்கு முன்னால் போய் நின்றது. பெருமாள்ராஜ் முகத்தைத் திருப்பவில்லை. வருகிறவனை நேராகப் பார்த்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்தான்.

சிவகணேஷ் கண்டான். பிரேக்கை இறுக்கிச் சைக்கிளைப் பக்கவாட்டில் சாய்த்தான். புழுதி ஆளுயரத்துக்கு எழுந்தது. அவன் ஒரு பக்கம் உருள, சைக்கிள் சறுக்கி வந்து மூன்று சக்கர வண்டியின் மேல் மோதியது. வண்டி கவிழ்ந்தது.

மேளம் நின்றது.

சிவகணேஷ் முழங்கையில் ரத்தம் ஒழுக எழுந்து ஓடிவந்தான்.

"ஏலே பெருமாள், ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? சாகணும்னா ஆத்துல போயி..."

பேச்சு பாதியில் நின்றது. அவன் கண் சைக்கிளின் முன் சக்கரத்தில் விழுந்திருந்தது. அந்தச் சின்ன மோதலுக்கே சக்கரம் தோசையை மடித்ததுபோல மடிந்து கிடந்தது. டயர் விலகி, ரிம்மின் மேலே ஒட்டும் நாடா கிழிந்து, உள்சுவரில் வரிசையாக வெள்ளை வெட்டுகள் தெரிந்தன. ஸ்கேல் வைத்து அளந்து அறுத்ததுபோல ஐந்து வெட்டு.

"இது நீ கட்டுன சக்கரம்லா?" என்றான்.

"ஆமா." மண்ணில் குப்புறக் கிடந்த பெருமாள்ராஜ் கையை ஊன்றித் தலையை நிமிர்த்தினான். "நான்தான் அறுத்தேன். நீ செத்துப்போகணும்னு அறுத்தேன். இல்லன்னா என்னை மாதிரிக் கெடக்கணும்னு."

சிவகணேஷ் குனிந்து ஓங்கி ஒரு அறை விட்டான். கூட்டத்தின் கடைசி வரிசை வரை கேட்டது. பெருமாள்ராஜ் கன்னத்தைத் தொடக்கூட இல்லை.

அம்பலவாணன் இருவருக்கும் நடுவே வந்தார். "தம்பி, ஃபோர்க்கைத் திருடுனது நீதான்னு இவன்கிட்ட சொன்னவன் நான். அந்த அறையில பாதி எனக்குச் சேரணும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்" என்றான் சிவகணேஷ். "வீட்டுக்கு வந்து கேட்டிருந்தா, பாயோட ரசீதையே காட்டியிருப்பேனே."



அதற்குள் அப்பாத்துரை கையில் மைக்கோடு வந்து சேர்ந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. "என்னவே இது கலாட்டா? போட்டி நடக்கணுமா வேண்டாமா?" என்றவர், மண்ணில் கிடந்த சிவப்பு ஃபோர்க்கைப் பார்த்தார். மைக் தானாகக் கீழே இறங்கியது.

"தெரியுதா அண்ணாச்சி?" என்றான் சங்கிலிபூதத்தான் மூச்சு வாங்கியபடி. "காயல்பட்டினத்துல ஒமக்காக காத்துக்கிட்டு இருந்துச்சு. கையோட கூட்டியாந்துட்டோம்."

"அது... அது பெருமாள் எங்கிட்ட வித்தது" என்றார் அப்பாத்துரை. "போட்டிக்கு ஒரு வாரம் முன்னாலேயே வித்துட்டான். அதுக்குப் பதிலா எதையோ குழாயை வச்சு ஒட்டிக்கிட்டுத் தாண்டுனான், விழுந்தான். நான் என்னவே செய்ய முடியும்?"

"ஒரு வாரம் முன்னாலேயா?" என்றார் அம்பலவாணன். "நல்லா யோசிச்சுச் சொல்லுதீரா?"

"சத்தியமா."

சங்கிலிபூதத்தானும் இன்னொருவனும் தூக்கி உட்கார வைத்திருந்த பெருமாள்ராஜ், சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு புகைப்படத்தை எடுத்தான். ஓரமெல்லாம் கசங்கிய படம்.

"போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம், கிட்டங்கியில சைக்கிளை ஒப்படைக்கும்போது ஒவ்வொருத்தரையும் நிக்கவச்சு நீருதான் படம் எடுத்தீரு, கடை வாசல்ல ஒட்டதுக்கு. ஆளுக்கொரு காப்பியும் கொடுத்தீரு. நான் ரெண்டு காலுல நின்ன கடைசிப் படம் இது. அதனால தூக்கிப் போட மனசு வரல."

அம்பலவாணன் படத்தை வாங்கி அப்பாத்துரையின் முகத்துக்கு நேரே பிடித்தார். சிரித்துக்கொண்டு நிற்கும் பெருமாள்ராஜ். பின்னால் கிட்டங்கியின் பெயர்ப் பலகை. சைக்கிளின் முன் ஃபோர்க்கில், இடது காலில், தலைகீழாக ஒரு ஸ்டிக்கர்.

"சாயங்காலம் ஒம்ம கிட்டங்கிக்குள்ள போனது இந்த ஃபோர்க்கு. விடிஞ்சு வெளிய வந்தது தண்ணிக் குழாய். சாவி ஒம்ம இடுப்புல. இதுல எதைவே ஒரு வாரம் முன்னால வித்தான்?"

அப்பாத்துரை சுற்றிலும் பார்த்தார். கூட்டம் நெருங்கி வட்டமாகியிருந்தது. கரையில் போலீஸ் ஜீப் வந்து நிற்பதும் தெரிந்தது. சப் இன்ஸ்பெக்டர் இறங்கி வருவதற்குள் அவர் முகம் இறுகி வேறு மனிதராகிவிட்டார்.

"ஆமாம்வே. நான்தான் மாத்துனேன்" என்றார். "ஆறு வருஷம் என் கடையில சோறு தின்னுட்டு, போன வருஷம் இதே குளத்துல, இத்தனை பேரு முன்னால என் கடை சைக்கிளை ஒரே தாண்டுல வளைச்சு, இது பால்கேன் சுமக்கத்தான் லாயக்குன்னு மைக்குல சொன்னான். அன்னையிலேருந்து ஊருல எனக்குப் பேரே பால்கேன் அண்ணாச்சி. என் பேரனைப் பள்ளிக்கூடத்துல அதைச் சொல்லிக் கூப்பிடுதானுவ. எத்தனை நாளு தூங்காம கெடந்தேன் தெரியுமா?"

"அதுக்காவ என் காலை எடுத்தீரா?" என்றான் பெருமாள்ராஜ்.

அப்பாத்துரை சிரித்தார். கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு. சப் இன்ஸ்பெக்டரின் பக்கம் திரும்பி, மடிந்து கிடந்த சக்கரத்தைக் காட்டினார்.

"என்னைப் பிடிச்சா இவனையும் பிடிக்கணும் சார். நான் ஃபோர்க்கை மாத்துனேன், இவன் ரிம்மை அறுத்தான். நானும் வஞ்சம் வச்சேன், இவனும் வச்சான். ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? கேளுங்க, இவனையே கேளுங்க!"

எல்லோரும் பெருமாள்ராஜைப் பார்த்தார்கள். அவன் வாயிலிருந்த மண்ணைத் துப்பினான்.

"இருக்கு அண்ணாச்சி" என்றான். "அவன் இல்லன்னு தெரிஞ்ச உடனே நான் குறுக்க வந்து விழுந்தேன். அன்னைக்கு நான் அந்தக் குழாயிலதான் ஏறுதேன்னு தெரிஞ்சும், நீரு மைக்கைப் பிடிச்சு என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீரு."

கான்ஸ்டபிள் அப்பாத்துரையின் கையைப் பிடித்தபோது திமிரவில்லை.

"நீ என்னப்பா சொல்லுத?" என்றார் சப் இன்ஸ்பெக்டர் சிவகணேஷிடம். "இவன் மேல புகார் எழுதித் தாரியா?"

சிவகணேஷ் கைக்குட்டையை முழங்கையில் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டான்.

"பால்கேன் கேசுல சாட்சி சொல்ல இவன் வேணும்லா சார்" என்றான் கடைசியில். "முதல்ல அது முடியட்டும். எனக்கு இவன் மேல இருக்கது அப்படியேதான் இருக்கு. அது எங்கயும் போயிராது."

சக்கரத்தைக் கழற்றிச் சாட்சிக்காகச் சப் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தான். மிச்சமிருந்த சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டான். பெருமாள்ராஜ் தலையைத் தூக்கி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை, ஒரு வசவாவது கிடைக்குமா என்று காத்திருப்பவனைப்போல.

சிவகணேஷ் திரும்பிப் பார்க்காமல் கரையேறிப் போனான்.